புதிய மின்னஞ்சல் கணக்கு ஏன் திறக்கவில்லை: சர்வரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சர்வர் இருக்கிறது. டெபியன் 12 இயங்குதளம், அஞ்சலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட், கணக்குகளின் பட்டியலுக்கு மரியாடிபி தரவுத்தளம். பழைய 40 கணக்குகள் ஒழுங்காக ஓடுகின்றன. போன வாரம் புதிதாகச் சேர்த்த 6 கணக்குகளும் தொல்லை தருகின்றன. மூன்று கணக்குகளில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலி உள்ளே நுழையவே விடவில்லை. நான்காவது உள்ளே போகிறது, ஆனால் அஞ்சல் எதுவும் வந்து சேர்வதில்லை. ஐந்தாவது கணினியில் திறக்கிறது, கைபேசியில் மறுக்கிறது. ஆறாவதில் படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை. இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து மறுபடி உருவாக்கிப் பார்த்தும் பலன் இல்லை.

முதலில் அழித்து உருவாக்குவதை நிறுத்துங்கள். எந்த வழியில் கணக்கை உருவாக்கினீர்களோ அதே வழியில் மறுபடி உருவாக்கினால் அதே தவறுதான் மறுபடி வரும். அதோடு, தவறு எங்கே நடந்தது என்று காட்டக்கூடிய தடயமும் அழிந்துபோகும். ஆறு கணக்குகளையும் இப்போது இருக்கும் நிலையிலேயே விட்டுவையுங்கள். அவற்றில் இருப்பது ஒரே நோய் இல்லை என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகளை நீங்கள் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

‘கணக்கு’ என்று நாம் ஒற்றைச் சொல்லால் சொன்னாலும் சர்வருக்குள் அப்படி ஒரு பொருள் கிடையாது. போஸ்ட்ஃபிக்ஸ் 1998இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது வீட்சே வெனிமா வெளியிட்டது. டவ்காட் 2002இல் பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் தொடங்கியது. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலத்தில், வேறு வேறு வேலைக்காக எழுதிய இரண்டு நிரல்களை நாம் ஒரே தரவுத்தளத்தை நம்பி ஓடவிட்டிருக்கிறோம். ஒரு கணக்கு வேலை செய்ய வேண்டுமானால் மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்ற பதில் வரவேண்டும். இந்த முகவரிக்கு வரும் அஞ்சலை வாங்கிக்கொள்ளலாமா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும். இந்தப் பெயருக்கு இந்தக் கடவுச்சொல் சரியா என்று டவ்காட் கேட்கும். இந்த ஆளின் பெட்டி எந்த அடைவில் இருக்கிறது, அதில் எழுத எனக்கு உரிமை உண்டா என்பது மூன்றாவது கேள்வி. இதையும் டவ்காட்தான் கேட்கும், ஆனால் கடவுச்சொல் கேள்விக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்த நிரலின் மொழியிலேயே ஒன்று பாஸ்டிபி, மற்றது யூசர்டிபி.

தண்டர்பேர்டும் கைபேசியும் இவற்றில் பின்னிரண்டில் எது தோற்றாலும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் காட்டும். அமைப்போ பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறாக இருக்கலாம் என்ற அந்தச் செய்தியில் உங்களுக்குப் பயன்படும் தகவல் எதுவுமில்லை. ஆகவே சோதனையைச் சர்வரிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். பயனரின் கைபேசியை வாங்கி அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது கடைசி வேலை.

லாக், அதாவது சர்வர் தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவேடு, எங்கே என்று தேடி மெனக்கெட்டிருப்பீர்கள். வழிகாட்டிகள் எல்லாம் வார் அடைவில் லாக் என்பதற்குள் மெயில்-லாக் கோப்பைப் பார்க்கச் சொல்லும். டெபியன் 12இல் அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் புதிதாக நிறுவிய சர்வரில் அந்தக் கோப்பே இருக்காது. லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைப் பின்தொடரும் முறையில் ஒரு திரையில் ஓடவிடுங்கள். இன்னொரு திரையில் சோதனையைச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணில் வைத்திருப்பது பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும். டவ்காட் தன் லாகை எங்கே எழுதுகிறது என்று சந்தேகம் இருந்தால் அதன் நிர்வாகக் கட்டளையான டவ்அட்மினில் ‘லாக் ஃபைண்ட்’ என்று கொடுங்கள், அதுவே இடத்தைச் சொல்லிவிடும்.

தண்டர்பேர்ட் தோற்கும் நொடியில் டவ்காட் எழுதும் வரியில் இரண்டு வகை உண்டு. ‘ஆத் ஃபெயில்ட், 1 அட்டெம்ப்ட்ஸ்’ என்று அடைப்புக்குள் இருந்தால் கடவுச்சொல் சர்வர்வரை வந்தது, சர்வர் மறுத்தது என்று பொருள். ‘நோ ஆத் அட்டெம்ப்ட்ஸ்’ என்று இருந்தால் கடவுச்சொல் வரவே இல்லை. அதற்கு முன்பே, பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் கட்டத்திலேயே, செயலி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. இந்த இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். முதல் வகை வரியில் பயனர்பெயரும் பதிவாகியிருக்கும். முழு முகவரி வந்திருக்கிறதா, அல்லது அட் குறிக்கு முந்தைய பகுதி மட்டும் வந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சில செயலிகள் முன்பகுதியை மட்டும் பயனர்பெயராக ஊகித்து நிரப்பிவிடும். உங்கள் தரவுத்தளத்தில் முழு முகவரிதான் பெயர் என்பதால் பொருந்தாது.

இப்போது முதல் மூன்று கணக்குகளுக்கு வருவோம். ‘ஆத் ஃபெயில்ட்’ என்று வருகிறது என வைத்துக்கொண்டு பேசுகிறேன், ஏனென்றால் நீங்கள் விவரித்த விதம் அப்படித்தான் தோன்றுகிறது. சர்வரிலேயே உட்கார்ந்து டவ்அட்மின் கட்டளையில் ‘ஆத் டெஸ்ட்’ என்பதோடு முழு முகவரியைக் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதாதீர்கள், அது ஷெல்லின் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். விட்டுவிட்டால் அதுவே கேட்கும். பிறகு ‘டவ்அட்மின் யூசர்’ என்று அதே முகவரியைக் கொடுங்கள். முதல் கட்டளை தோற்று இரண்டாவது கட்டளை பயனர் எண், குழு எண், வீட்டு அடைவு ஆகியவற்றைக் காட்டினால், ஆள் இருக்கிறார், கடவுச்சொல்தான் பொருந்தவில்லை. இரண்டும் தோற்றால் பெயரே தரவுத்தளத்தில் கிடைக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளையின் சர்வரில் இதே நிலையை நான் மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இருக்கிறார், கடவுச்சொல் சரி, அதன் ஹாஷ் (கடவுச்சொல்லைத் திரும்ப மீட்க முடியாதபடி மாற்றிச் சேமிக்கும் வடிவம்) நான் என் கையாலேயே உருவாக்கியது, ஆனாலும் மறுப்பு. கடைசியில் தரவுத்தளத்திடம் கடவுச்சொல் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) இருப்பதன் நீளத்தைக் கேட்டேன். பழைய கணக்குகள் எல்லாவற்றுக்கும் 106 என்று வந்தது. புதிய கணக்குக்கு 41. ஷா512-கிரிப்ட் ஹாஷ் டாலர், 6, டாலர் என்று தொடங்கும். அதன்பின் 16 எழுத்து உப்பு (ஹாஷில் கலக்கும் தற்செயல் எழுத்துகள்), மறுபடி ஒரு டாலர், பிறகு 86 எழுத்து ஹாஷ். கூட்டினால் 106. நான் ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தின் மொழி) கட்டளையை எழுதி அனுப்பியிருந்தேன். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால் ஷெல் அதை மாறியின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். டாலர் 6 என்று ஒரு மாறி இல்லை, வெறுமையாக்கிவிட்டது. அடுத்த டாலரோடு ஒட்டிய உப்பும் அப்படியே போயிற்று. மூன்றாவது டாலருக்குப் பின் முதல் புள்ளியோ சாய்கோடோ வரும்வரை இருந்த எழுத்துகளும் மாறிப் பெயராகக் கருதப்பட்டு மறைந்தன. மிஞ்சிய வால் மட்டும் தரவுத்தளத்தில் போய் உட்கார்ந்திருந்தது. எங்கும் ஒரு பிழைச் செய்தி வரவில்லை, ஏனென்றால் ஷெல், தரவுத்தளம், டவ்காட் மூன்றுமே தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டன.

உங்கள் மூன்று கணக்குகளுக்கும் முதலில் இதைத்தான் பாருங்கள். பழைய கணக்கு ஒன்றின் கடவுச்சொல் நீளத்தையும் புதிய கணக்கின் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். பிகிரிப்ட் ஹாஷ் என்றால் 60 இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எஸ்க்யூஎல் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைத் தரவுத்தளத்துக்குக் கொடுத்து மறுபடி பதியுங்கள். ஷெல் அதைத் தொடாது.

நீளம் தொடர்பாக இன்னொரு பொறியும் உண்டு. ‘டவ்அட்மின் பிடபிள்யூ’ கட்டளை ஹாஷுக்கு முன்னால் முறையின் பெயரை நெளி அடைப்புக்குள் போட்டுத் தரும். ஷா512-கிரிப்டுக்கு அந்த முன்னொட்டு மட்டும் 14 எழுத்து, ஆக மொத்தம் 120. பழைய வழிகாட்டிகள் பலவற்றில் கடவுச்சொல் பத்தியை 106 எழுத்து அகலத்தோடு உருவாக்கச் சொல்லியிருப்பார்கள். தரவுத்தளத்தின் கண்டிப்பு முறை இயங்கினால் 120 எழுத்தை ஏற்க மறுத்துப் பிழை காட்டும், அது நல்லது. அந்த முறையை யாராவது அணைத்து வைத்திருந்தால் கடைசி 14 எழுத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். பத்தியை 255 அகலத்துக்கு மாற்றிவிடுங்கள். அதே வழிகாட்டிகள் என்கிரிப்ட் என்ற எஸ்க்யூஎல் செயல்கூற்றைப் பயன்படுத்தச் சொல்லும். அது மரியாடிபி பிரிந்து வந்த மூலமான மையெஸ்க்யூஎல் 8.0இல் நீக்கப்பட்டுவிட்டது, மரியாடிபியில் இன்னும் இருக்கிறது. எதுவானாலும் ஹாஷைத் தரவுத்தளத்துக்கு வெளியே உருவாக்குவதே நல்லது என்பது என் கருத்து. கடவுச்சொல்லை அப்படியே எஸ்க்யூஎல் வரியில் எழுதினால் அது தரவுத்தளத்தின் லாகிலும் தங்கலாம்.

‘டவ்அட்மின் யூசர்’ கட்டளையும் தோற்றால், முகவரியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். முகவரிப் பட்டியலை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்கள் அங்கிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். அகலமே இல்லாத இடைவெளி என்று ஒரு யூனிகோடு எழுத்து உண்டு. திரையில் 22 எழுத்து தெரியும், தரவுத்தளத்தில் எழுத்து எண்ணிக்கை 23 என்று வரும், பைட் எண்ணிக்கை 25 என்று வரும். எழுத்து எண்ணிக்கைக்கும் பைட் எண்ணிக்கைக்கும் தனித்தனிச் செயல்கூறுகள் இருக்கின்றன. இரண்டையும் கேளுங்கள். ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள முகவரியில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை அழித்து, முகவரியைக் கையால் தட்டச்சு செய்து பதியுங்கள்.

இதே இடத்தில் நம் மொழிக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் கடவுச்சொல் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசை பிடித்த ஒன்றுதான், ஆனால் ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். யூனிகோடில் இரண்டும் சமம், திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முன்னது 6 பைட், பின்னது 9 பைட். ஹாஷ் போடும் நிரல் பைட்களைத்தான் பார்க்கிறது. கணினியின் விசைப்பலகை ஒரு விதமாகவும் கைபேசியின் விசைப்பலகை இன்னொரு விதமாகவும் அனுப்பினால், ஒரே கடவுச்சொல் ஓரிடத்தில் திறக்கும், மற்ற இடத்தில் திறக்காது. கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான். உங்கள் ஐந்தாவது கணக்கின் சொந்தக்காரரிடம் கடவுச்சொல் எந்த மொழியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கடவுச்சொல்லைக் கேட்க வேண்டாம். தமிழ் என்றால் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் இல்லாத சொற்களாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

நுழைவு வெற்றி பெற்ற மறுநொடியே இணைப்பு அறுந்தால் மூன்றாவது கேள்விதான் தோற்றிருக்கிறது. லாகில் முதலில் ‘லாகின்’ என்று வெற்றி வரி வரும், அடுத்த வரியில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். பயனருக்கோ இரண்டும் சேர்ந்து ‘உள்ளே நுழைய முடியவில்லை’ என்றுதான் தெரியும். இதற்கு வழக்கமான காரணம் நல்ல எண்ணத்தில் செய்த ஒரு காரியம். கணக்கைப் பதிந்த கையோடு, பெட்டிக்கான அடைவையும் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக இருந்துகொண்டு உருவாக்கிவிடுகிறார்கள். அந்த அடைவு ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், பெட்டிகளுக்கென்றே வைத்திருக்கும் விமெயில் பயனராக ஓடும் டவ்காட்டால் அதற்குள் எழுத முடியாது. அந்த அடைவை நீங்கள் உருவாக்கவே தேவையில்லை. முதல் அஞ்சல் வரும்போதோ முதல் முறை நுழையும்போதோ டவ்காட் தானே உருவாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே உருவாக்கியிருந்தால் உரிமையை விமெயில் பயனருக்கு மாற்றுங்கள். எல்லோருக்கும் எழுத அனுமதி என்று 777 கொடுத்துவிடாதீர்கள். வேலை நடக்கும், ஆனால் பிறருடைய கடிதங்கள் அந்தச் சர்வரில் உள்ள எந்த நிரலுக்கும் திறந்த புத்தகமாகிவிடும். லாக் வரியே எந்த அடைவில் எந்த அனுமதி குறைகிறது என்று அடைப்புக்குள் எழுதியிருக்கும், அதைப் படித்து அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

நான்காவது கணக்கு, அதாவது உள்ளே போகிறது, அஞ்சல் வருவதில்லை. இதில் டவ்காட்டின் பக்கம் சரி. போஸ்ட்ஃபிக்ஸிடம் கேட்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் அஞ்சலை அனுப்பி, என்ன திரும்பி வருகிறது என்று பாருங்கள்.

550 5.1.1 என்று திரும்பினால் அந்தச் செய்தியின் மீதிச் சொற்களைப் படியுங்கள். ‘யூசர் அன்நோன் இன் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்’ என்று இருந்தால் டொமைன் சரியான இடத்தில் இருக்கிறது, பெட்டிகளின் பட்டியலில் அந்த முகவரி இல்லை. ‘லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்’ என்று இருந்தால் அது வேறு நோய். டொமைனை யாரோ மைடெஸ்டினேஷன் என்ற அமைப்பிலும் சேர்த்துவிட்டார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அதை உள்ளூர் டொமைன் என்று எண்ணி, தரவுத்தளத்தைப் பார்க்காமல் லினக்ஸ் பயனர் பட்டியலில் தேடுகிறது. ஒரு டொமைனை இரண்டு இடத்திலும் எழுதக் கூடாது என்று போஸ்ட்ஃபிக்ஸ் தன் லாகிலேயே எச்சரிக்கும். மூன்றாவதாக, ‘யூசர் டஸின்ட் எக்ஸிஸ்ட்’ என்ற சொற்கள் எல்எம்டிபி (போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் அஞ்சலை ஒப்படைக்கும் நெறிமுறை) வழியாக வந்திருந்தால் மறுத்தது போஸ்ட்ஃபிக்ஸ் அல்ல. அது அஞ்சலை வாங்கி டவ்காட்டிடம் கொடுத்தது, டவ்காட் ஆளைத் தெரியாது என்றது. பயனர்பெயரின் வடிவ அமைப்பு டொமைன் பகுதியை வெட்டிவிடுகிறதா என்று அங்கே பார்க்க வேண்டும். ஒரே எண், மூன்று வேறு நோய்கள். பிழை எண்ணை மட்டும் வைத்துத் தேடுகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

பட்டியலைச் சோதிக்க போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்மேப் கட்டளைக்கு ‘கியூ’ விருப்பைக் கொடுத்து, முகவரியையும் மையெஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பின் பெயரையும் எழுதுங்கள். பதில் வந்தால் தேடல் சரி. ஒன்றும் வராமல் அமைதியாக முடிந்தால் முகவரி கிடைக்கவில்லை. இந்தச் சோதனை எவ்வளவு எளியதோ அவ்வளவு ஏமாற்றவும் செய்யும். நீங்கள் ரூட்டாக ஓடவிடுகிறீர்கள், ஆனால் டெபியனில் அஞ்சலை வாங்கும் எஸ்எம்டிபிடி நிரல் ஒரு சிறு கூண்டுக்குள் அடைபட்டு ஓடுகிறது. மையெஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால், இணைப்பு நெட்வொர்க் வழியாகப் போகாமல் ஒரு சாக்கெட் கோப்பின் வழியாகப் போகும். அந்தக் கோப்பு கூண்டுக்கு வெளியே இருக்கிறது. போஸ்ட்மேப் சோதனை வெற்றி பெறும், நிஜ அஞ்சலுக்கு 451 4.3.0 என்று தற்காலிகத் தேடல் பிழை வரும். லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதினால் தீர்ந்தது. உங்கள் பழைய கணக்குகளுக்கு அஞ்சல் வந்துகொண்டிருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. புதிதாகச் சர்வர் அமைக்கிறவர் இதைப் படித்தால் பயன்படட்டும் என்று எழுதினேன்.

அஞ்சல் வரவும் இல்லை, திரும்பவும் இல்லை என்றால்? நீங்கள் எழுதியதில் திரும்பி வந்ததாக ஒரு வார்த்தையும் இல்லாததால் என் சந்தேகம் இங்கேதான் அழுத்தமாக விழுகிறது. உங்கள் டொமைனுக்கு ‘எந்தப் பெயருக்கு வந்தாலும் அலுவலகப் பெட்டிக்கு அனுப்பு’ என்று பொதுவாக ஒரு மாற்றுமுகவரி வைத்திருக்கிறீர்களா? போஸ்ட்ஃபிக்ஸ் மாற்றுமுகவரிகளைப் பெட்டிகளுக்கு முன்பாகவே பார்க்கும். பொதுவான மாற்றுமுகவரி இருந்தால் புதிய பெட்டிக்கு வர வேண்டிய அஞ்சலையும் அது பிடித்து அலுவலகப் பெட்டியில் போட்டுவிடும். பழைய கணக்குகள் ஏன் தப்பின என்றால், அவற்றை முதலில் அமைத்தவர் ஒவ்வொரு முகவரியையும் அதே முகவரிக்கே மாற்றுமுகவரியாகப் பதிந்து வைத்திருப்பார். குறிப்பிட்ட பதிவு பொதுப் பதிவை வென்றுவிடும். அந்த வேலை யாருக்கும் சொல்லப்படாமல் அவரோடு போயிருக்கும். அலுவலகப் பெட்டியைத் திறந்து பாருங்கள், காணாமல்போன கடிதங்கள் அங்கே வரிசையாக இருக்க வாய்ப்பு நிறைய. இருந்தால் புதிய ஆறு முகவரிகளுக்கும் அதே பதிவைச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே தவறான பெட்டிக்குப் போன கடிதங்களை உரியவருக்குச் சேர்ப்பிப்பதும் நம் பொறுப்புதான்.

ஐந்தாவது கணக்கின் கைபேசிக்கு வருவோம். லாகில் ‘நோ ஆத் அட்டெம்ப்ட்ஸ்’ என்று வந்து, கூடவே எஸ்எஸ்எல் அலர்ட் (பாதுகாப்பான இணைப்பின் எச்சரிக்கை) எண் 48 அல்லது 46 என்று இருந்தால், சர்வர் தன்னை யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழைக் கைபேசி நம்பவில்லை. 48 என்பது சான்றிதழ் வழங்கியவரை அறியேன் என்று கைபேசி சொல்வது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையில் சான்றிதழ் வாங்கினால் அடைவில் செர்ட், ஃபுல்செயின் என்ற கோப்புகளும் இருக்கும். டவ்காட்டுக்குக் கொடுக்க வேண்டியது ஃபுல்செயின். செர்ட் கோப்பில் உங்கள் சான்றிதழ் மட்டும்தான் இருக்கும், இடைநிலைச் சான்றிதழ் இருக்காது. கணினியில் தண்டர்பேர்ட் அந்த இடைநிலைச் சான்றிதழை வேறு எங்காவது பார்த்துச் சேமித்து வைத்திருந்தால் சமாளித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு சமாளிக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ‘எஸ்-கிளையன்ட்’ என்ற கட்டளையால் உங்கள் சர்வரின் 993 போர்ட்டுக்கு (அஞ்சல் படிப்பதற்கான வாசல்) இணைத்துப் பாருங்கள். சங்கிலியில் ஒரே ஒரு சான்றிதழ் தெரிந்தால் இதுதான் நோய்.

பழைய 40 பேரின் கைபேசிகள் மட்டும் ஏன் ஓடுகின்றன என்று கேட்பீர்கள். அமைத்துக் கொடுத்தவர் ‘எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்’ என்ற விருப்பை அழுத்தியிருக்கலாம். இதைத் தயவுசெய்து சோதித்துப் பாருங்கள். அப்படி அமைத்த கைபேசி, வழியில் யார் சர்வராக நடித்தாலும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும். ரயில் நிலைய வைஃபையில் இருந்து அஞ்சல் பார்க்கும் ஆளுக்கு இது உண்மையான ஆபத்து.

சர்வரின் பெயரையும் பாருங்கள். சான்றிதழ் மெயில் என்று தொடங்கும் பெயருக்கு வாங்கப்பட்டிருந்து, கைபேசியில் வெறும் டொமைன் பெயரை எழுதினால் பொருந்தாது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாளுக்கு மேல் போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். கோப்பு தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும் டவ்காட் மறுபடி ஏற்றப்படும்வரை பழையதையே நினைவில் வைத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் சிறு நிரல்கள் அடிக்கடி முடிந்து புதிதாகத் தொடங்குவதால் புதிய சான்றிதழைத் தானாக எடுத்துக்கொள்ளும். அப்போது அனுப்ப முடியும், படிக்க முடியாது என்ற விசித்திரமான நிலை வரும். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரலில், புதுப்பித்த பின் ஓட வேண்டிய கட்டளையாக டவ்காட்டை மறுபடி ஏற்றும் வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஆறாவது கணக்கில் நிலை தலைகீழ். அனுப்பும்போது வரும் எண்ணைப் பாருங்கள். 554 5.7.1 என்று ரிலே (வெளியே அஞ்சலைக் கடத்தித் தருவது) மறுக்கப்பட்டால் செயலி கடவுச்சொல்லே கொடுக்காமல் 25 போர்ட்டில் அனுப்பப் பார்க்கிறது. 25 சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். பயனர்களுக்கு 465 அல்லது 587. இவற்றில் 465ஐ முதலில் தேர்ந்தெடுங்கள், அங்கே முதல் பைட்டிலிருந்தே இணைப்பு மறைகுறியாக்கப்படுகிறது. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறிமுறை ஆவணம் பரிந்துரைப்பதும் அதைத்தான். 553 5.7.1 என்று, அனுப்புநர் முகவரி இந்தப் பயனருக்குச் சொந்தமில்லை என வந்தால், கடவுச்சொல் சரி. ஆனால் எந்தப் பயனர் எந்த முகவரியிலிருந்து அனுப்பலாம் என்ற பட்டியலில் புதியவரின் பெயர் இல்லை. உங்கள் சர்வரில் அந்தப் பட்டியல் கோப்பாக இருந்தால், கோப்பைத் திருத்தியபின் போஸ்ட்மேப் கட்டளையை ஓடவிட மறந்திருக்கலாம். தரவுத்தளக் கோப்பு மூலக் கோப்பைவிடப் பழையது என்று லாகில் எச்சரிக்கை இருக்கும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாகக் கையாலேயே எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும் நெறிமுறை) கட்டளைகளைத் தட்டிச் சோதிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெறுநரைக் குறிக்கும் கட்டளை ஆங்கிலத்தின் பெரிய ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். வரியின் தொடக்கத்தில் பெரிய ‘ஆர்’ வந்தால், எஸ்-கிளையன்ட் அதைத் தனக்கான ஆணையாக எடுத்துக்கொண்டு இணைப்பை மறுபேச்சுவார்த்தைக்கு இழுத்துவிடும். சர்வர் பழுது என்று தோன்றும். சிறிய எழுத்தில் தட்டுங்கள், எஸ்எம்டிபிக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது.

சோதனை நடக்கும்போது அலுவலகம் முழுவதுமே திடீரென்று சர்வரை எட்ட முடியாமல் போனால் பதறாதீர்கள். தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப வருகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பான் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். அதன் இயல்புநிலை 10 நிமிடத்துக்குள் 5 தோல்வி என்றால் 10 நிமிடத் தடை. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே ஐபி முகவரியில் வெளியே போகிறீர்கள். பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு மேசையில் கிடக்கும் ஒரு கைபேசி மறுபடி மறுபடி முயன்றாலே போதும், அத்தனை பேருக்கும் கதவு அடைபடும். சோதனை முடியும்வரை அலுவலக முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்த ஆறும் சரியாகும்வரை டெபியன் 13க்கு மாற வேண்டாம். அதில் டவ்காட் 2.4 வருகிறது. 2.3க்கு எழுதிய அமைப்புக் கோப்பு அதில் அப்படியே ஓடாது, கையால் மாற்றி எழுத வேண்டும். நான் மேலே சொன்னவை 2.3ஐ மனத்தில் வைத்துச் சொன்னவை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஒரு கணக்கு திறக்கவில்லை என்றால், அந்தக் கணக்கு தோற்ற நொடியின் லாக் வரிகள், ‘ஆத் டெஸ்ட்’, ‘டவ்அட்மின் யூசர்’ இரண்டின் வெளியீடு, போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகளைக் காட்டும் போஸ்ட்கான்ஃப் கட்டளை ‘என்’ விருப்போடு தரும் பட்டியல், இந்த நான்கையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். டவ்காட்டில் கடவுச்சொற்களையும் லாகில் எழுதச் செய்யும் பிழைதேடும் அமைப்பை இடையில் இயக்கியிருந்தால் முதலில் அதை அணையுங்கள். அது இயங்கிய நேரத்தின் லாகில் உங்கள் பயனர்களின் கடவுச்சொற்கள் வெளிப்படையாக இருக்கும். அந்த வரிகளை நீக்கிவிட்டு, அந்த நேரத்தில் நுழைந்த ஒவ்வொருவரிடமும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அனுப்புங்கள்.